கண்ணுக்குத் தமிழ், கணிப்பொறிக்குக் குப்பை!

சென்ற திங்கள் நம் இதழ்ப் பணிமனைக்கு ஒரு மடல் வந்தது. விடுத்தவர் ஓர் ஆய்வு மாணவர். கடந்த நூற்றாண்டில் தூய தமிழ் இதழ்கள் ஆக்கி வழங்கிய கலைச்சொற்களையெல்லாம் திரட்டி, எந்தச் சொல் எந்த ஆண்டில் எந்த இதழில் முதன்முதல் ஆளப்பெற்றது என்று காட்டும் ஒரு சொற்றொகுதியை அமைக்கும் பணியில் அவர் முனைந்திருக்கின்றார். அதன்பொருட்டு, நாம் இணையத்தில் ஏற்றி வைத்துள்ள நம் பழைய இதழ்களின் பி.டி.எஃப். கோப்புகளை இறக்கிக்கொண்டார். திரையில் விரித்துப் பார்த்தபொழுது பக்கங்கள் அச்சிட்டவாறே அழகாகத் தோன்றின. ஒரு கட்டுரையினின்று ஒரு பத்தியைப் படியெடுத்துத் தம் குறிப்பேட்டில் ஒட்டினார். ஒட்டிய இடத்தில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளற்ற குறிகளும் ஒன்றன்மேலொன்றாய் விழுந்து கிடந்தன. 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்துத் தேடிப் பார்த்தார். பக்கந்தோறும் பன்முறை அச்சாகியுள்ள அச்சொல், அவ்விதழ் முழுதும் ஓரிடத்திலும் இல்லையென்று கணிப்பொறி விடை கூறியது.

அவர் தம் மடலை இவ்வாறு முடித்திருந்தார்: "ஐயா, அயற்சொல் ஒன்றும் புகுந்துவிடாதபடி விழிப்பாயிருந்து எழுதினீர்கள். ஆனால் உங்கள் ஏட்டின் மேற்றோலை நீக்கிப் பார்த்தால், உள்ளே இருப்பவையெல்லாம் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கின்றனவே!"

இம்மடலைப் படித்து நாம் சினங்கொள்ளவில்லை, நாணினோம். அவர் கூறியதில் ஓர் எழுத்தும் பொய்யன்று. தொண்ணூறுகளின் நடுவில் ஈய அச்சை விடுத்துக் கணிப்பொறி அச்சுக்கு மாறியபொழுது, அற்றைநாளில் கைக்கெட்டிய எழுத்துரு ஒன்றைக் கொண்டு பக்கங்களைக் கோத்தோம். தாளில் எழுத்து அழகாக விழுந்தது, அதனோடு அமைந்தோம். உள்ளே என்ன இருக்கின்றது என்று எட்டிப் பார்த்தோமில்லை. அப்பிழையின் பயன் இன்று நம் முன் நிற்கின்றது. நம்மைப் போன்றே தமிழ் இதழ்கள், பதிப்பகங்கள், அரசு அலுவலகங்கள், கல்வி நிலையங்கள் ஆகிய பலவும் இப்பிழையைச் செய்துள்ளன, இன்றும் செய்துகொண்டிருக்கின்றன. ஆகலின் இதனை வெளிப்படப் பேசுதல் நம் கடனாகின்றது.

இது பொறியறிஞர்க்குரிய செய்தி, நமக்கென்ன என்று அன்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிடுதல் கூடாது. எழுத்தைப் பற்றிய செய்தி எதுவும் தமிழனுக்கு அயற்செய்தியன்று. எழுத்ததிகாரத்தை முன்வைத்து இலக்கணந் தொடங்கிய இனம் நம் இனம். எழுத்தின் ஒலிவடிவம் வேறு, வரிவடிவம் வேறு என்று பகுத்துணர்ந்தவர் நம் முன்னோர். அப்பகுப்பை அறிந்தவர்க்கு இச்சிக்கலை உணர்தல் எளிதேயாகும்.

ஈய அச்சுக் காலத்தில் எழுத்துக்கு ஒரே ஓர் உடல்தான் இருந்தது. அச்சுக்கோப்பவர் 'த' என்னும் வார்ப்பை எடுத்து அடுக்கினால் தாளில் 'த' பதிந்தது; அவ்வளவே. கணிப்பொறியிலோ எழுத்துக்கு இரண்டு நிலைகள் உள. ஒன்று பொறியின் உள்ளே வைக்கப்பெறும் எண். மற்றொன்று திரையிலும் தாளிலும் தோன்றும் வடிவம். பொறி அறிவது எண்ணை மட்டுமே. தேடுவதும் வரிசைப்படுத்துவதும் படியெடுப்பதும் அனுப்புவதும் எல்லாம் எண்ணைக் கொண்டே நிகழ்கின்றன. எந்த எண் எந்த எழுத்துக்குரியது என்று வகுக்கும் முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை வரைந்து காட்டும் கருவிக்கு எழுத்துரு என்று பெயர். எண்ணும் வடிவும் ஒத்திருந்தால் எழுத்து உயிரோடிருக்கும். வடிவு தமிழாகவும் எண் பிறிதாகவும் இருந்தால் அது பூச்சுவேலையேயன்றி எழுத்தாகாது.

தொடக்கக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துக்கும் எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் கட்டளைக் குறிகளுக்கும் ஒதுக்கப்பெற்றிருந்தன. எஞ்சிய 128 இடங்களில் நம் 247 எழுத்தும் அடங்கா. ஆகலின் எழுத்துருச் செய்தவர்கள் தமிழெழுத்தைக் காலாகவும் கொம்பாகவும் கொக்கியாகவும் புள்ளியாகவும் துண்டாடித் தத்தமக்கு வாய்த்த இடங்களில் வைத்தனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்தனர்.

ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு இப்பிற்கூறிய வகையைச் சார்ந்தது. அதில் 'தமிழ்' என்று எழுதினால் பொறியின் உள்ளே பதிவன 106, 107, 112, 111, 59 என்னும் எண்கள். இவை முறையே சே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாம். இன்று உலகெங்கும் ஏற்கப்பெற்றுள்ள ஒருங்குறியாகிய யூனிகோடில் அதே சொல்லுக்குரிய எண்கள் 2980, 2990, 3007, 2996, 3021 என்பன. முன்னதைத் திரையில் பார்த்தாலும் 'தமிழ்'. பின்னதைப் பார்த்தாலும் 'தமிழ்'. கண்ணுக்கு வேறுபாடில்லை. பொறிக்கோ, முன்னது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. பின்னது மட்டுமே தமிழ்.

இவ்விடத்தில்தான் பி.டி.எஃப். கோப்பின் தன்மையை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அடோபி நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோப்பு வகை அது. 2008-ஆம் ஆண்டில் அது பன்னாட்டுச் செந்தரமாகவும் ஏற்கப்பெற்றது. ஓர் ஏட்டை எந்தப் பொறியில் திறந்தாலும் ஒரே தோற்றத்தில் காட்டுதலே அதன் முதல் நோக்கம். பக்கத்தின் இன்ன இடத்தில் இன்ன வடிவத்தை வரைக என்னும் கட்டளைகளின் கோவையே அதன் உள்ளுடல். வேண்டிய எழுத்துருவையும் அது தன்னுள்ளேயே பொதிந்து வைத்துக்கொள்ளும். அவ்வாறு பொதிந்திருந்தால் காட்சி கெடுவதில்லை. ஆனால் நாம் ஒரு பத்தியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்பொழுது வடிவம் உடன்வருவதில்லை. எண் மட்டுமே வருகின்றது. எழுத்துருவாகிய போர்வை நீங்கியவுடன் உள்ளிருந்த உண்மை வெளிப்படுகின்றது. மாணவர் கண்ட குப்பை புதிதாய்த் தோன்றியதன்று. முதல் நாளிலிருந்தே அங்கு இருந்ததுதான்.

இன்ன வடிவம் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை உடன்வைப்பதற்கும் அக்கோப்பில் வழியுண்டு. அப்பட்டியல் செம்மையாக இருந்தால் எழுத்து எழுத்தாகவே வெளிவரும். அதனை வைக்கத் தவறியது கோப்பின் குற்றமன்று. அதனை ஆக்கிய நிரல்களின் குற்றமும், ஆய்ந்து பாராது வெளியிட்ட நம் போன்றார் குற்றமுமாம்.

ஒருங்குறியில் எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று கருதுவதற்கும் இல்லை. 'மொழி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருங்குறி முறையில் மகரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக எண்கள் அமையும். ஆனால் வரையும்பொழுது கொம்பு முன்னும் மகரம் நடுவும் கால் பின்னுமாகவே பக்கத்தில் அமர்கின்றன. பி.டி.எஃப். ஆக்கும் நிரல் தமிழ் முறையறியாது கண்ட வரிசையிலேயே வடிவங்களைப் பதிந்து வைத்தால், படியெடுக்கும்பொழுது கொம்பு தனியே முன்வந்து நிற்க, 'மொழி' என்பது 'ெமாழி' என்று உடைந்து விழுகின்றது. 'கு', 'டு', 'மூ' போன்ற உயிர்மெய்களுக்கு எழுத்துருவில் தனி வடிவம் உண்டு; ஒருங்குறியில் தனி எண் இல்லை. அத்தனி வடிவம் எந்த இரண்டு எண்களின் சேர்க்கை என்பதை நிரல் குறித்து வைக்காவிடில், அவ்வெழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகவோ பிற எழுத்துகளாகவோ மாறிவிடுகின்றன. 'குடும்பம்' என்பதில் தலையும் நடுவும் போய் வால் மட்டும் எஞ்சி நிற்கும் கோலத்தை அன்பர்கள் பலர் கண்டிருப்பர்.

இவ்வலங்கோலத்தைப் பார்க்குந்தோறும் நமக்கு ஓலைச் சுவடிகளின் நினைவு வருகின்றது. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் வரையறுத்தார். ஆயினும் ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறுங்கால் புள்ளியிடும் வழக்கம் மறைந்தது. மெய்யா உயிர்மெய்யா என்பதும், எகரமா ஏகாரமா என்பதும், காலா ரகரமா என்பதும் படிப்பவன் ஊகத்திற்கே விடப்பட்டன. கொம்பின் வேறுபாட்டால் குறிலையும் நெடிலையும் தெளிவுறுத்தும் முறை வீரமாமுனிவர்க்குப் பின்னரே நிலைபெற்றது. 1887-ஆம் ஆண்டில் சி.வை. தாமோதரனார் கலித்தொகையையும், உ.வே.சா. சீவக சிந்தாமணியையும் அச்சேற்றியபொழுது, ஒவ்வோர் அடியிலும் இவ்வையங்களோடு மல்லாடியே பாடத்தை மீட்டனர். சுவடியில் இருந்ததை அவர்கள் எழுத்தாக்கித் தந்தார்கள். நாமோ எழுத்தாக இருந்ததை மீண்டும் சுவடியாக்கி வைத்திருக்கின்றோம்!

இவ்வொப்புமை வெறும் அணியன்று. பழைய எழுத்துருவினின்று ஒருங்குறிக்கு மாற்றும்பொழுதும், படத்தைப் பார்த்துப் பொறி எழுத்துணரும்பொழுதும், அதே ரகரமும் காலுமே இன்றும் மயங்குகின்றன. ஔகாரத்தின் இறுதி உறுப்பும் ளகரமும் மயங்குகின்றன. தமிழெண்களுள் ஒன்றைக் குறிப்பது ககரம் போலவும், இரண்டைக் குறிப்பது உகரம் போலவும், ஏழைக் குறிப்பது எகரம் போலவும், எட்டைக் குறிப்பது அகரம் போலவும் தோன்றுகின்றன. கண் இடம் நோக்கிப் பொருளுணர்ந்துகொள்ளும். பொறிக்கோ எண் மாறினால் எழுத்தே மாறிற்று. சுவடிப் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நாம் நம் பெயரர்க்குத் தேடி வைத்திருக்கின்றோம். அவர்கள் பட்டது கரையானாலும் கால நெடுமையாலும். நம் பெயரர் படப்போவது நம் மடிமையால்!

இதனால் யார்க்கு என்ன கேடு என்று வினவுவோர் உளர். படிக்கத்தான் முடிகின்றதே, போதாதா என்பது அவர் வாதம்.

முதற்கண், அவர்கள் கண்பார்வையற்ற தமிழரை நினைத்துப் பார்க்கட்டும். திரையில் உள்ள எழுத்தை ஒலியாக மாற்றிப் படித்துக்காட்டும் கருவிகள் இன்று வந்துள்ளன. ஒருங்குறியில் அமைந்த தமிழை அவை படித்துக்காட்டுகின்றன. பழைய எழுத்துருவில் அமைந்த ஏட்டைத் திறந்தால், பார்வையற்ற மாணவன் காதில் விழுவன ஆங்கில எழுத்துகளின் பெயர்களும் பொருளற்ற ஒலிகளுமே. பார்வையுடையோன் 'படிக்க முடிகின்றதே' என்று கூறும் அதே பக்கம் அவனுக்கு அடைத்த கதவு. தாய்மொழியில் எழுதியதைத் தாய்மொழியில் கேட்கும் உரிமையை அவனிடமிருந்து பறித்தது எந்த அயலானும் அல்லன், நாமே.

அடுத்து, பொதுமக்களை நோக்குக. தமிழ் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகத்தின் ஆட்சிமொழியாயிற்று. ஆட்சிமொழி என்றால், ஆணையைத் தேடிக் கண்டெடுக்கவும், வேண்டிய பகுதியைப் படியெடுத்து முறையீட்டில் எழுதவும் குடிமகனுக்கு இயலவேண்டும். ஓர் உழவர் தம் நிலத்தைப் பற்றிய அறிவிப்பைத் தேடுகின்றார் என்க. அது வெளியிடப்பட்டிருக்கும், இணையத்திலும் ஏற்றப்பட்டிருக்கும். ஆயினும் தேடுபொறியில் ஊரின் பெயரைத் தமிழில் கொடுத்தால் அகப்படாது. உள்ளே அவ்வூர்ப்பெயர் தமிழாக இல்லை. ஆங்கில ஆணை அகப்படும், தமிழாணை அகப்படாது. பின்னர், 'தமிழில் ஒன்றும் கிடைப்பதில்லை; ஆங்கிலத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்' என்னும் பேச்சு எழும். ஆட்சிமொழிக்கு இதனினும் பெரிய இழுக்கு யாது?

மூன்றாவது கேடு நம் இயக்கத்தையே தாக்குவது. அன்பர்கள் இதனை ஊன்றி உணர்தல் வேண்டும். தூய தமிழ்ச் சொல்லாக்கத்திற்காக நம் மூத்தோர் தம் வாழ்நாளையே ஈந்தனர். பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் வேர்ச்சொல் கண்டு கலைச்சொற்களை ஆக்கினர். அவை சிற்றிதழ்களிலும் சுவடித் தாள்களிலும் மாநாட்டு மலர்களிலும் விரவிக் கிடக்கின்றன. இவற்றுள் பல இன்று பி.டி.எஃப். கோப்புகளாக இணையத்தில் உள; ஆனால் உள்ளே எழுத்தாக இல்லை. கலப்புத் தமிழில் நாள்தோறும் தட்டச்சிடப்படும் உரைகளோ ஒருங்குறியில் எழுத்தாகவே உள. ஒரு சொல்லுக்குத் தமிழில் என்னவென்று தேடுகின்ற இளைஞனுக்குக் கலப்புச் சொல்லே முன்வந்து நிற்கின்றது. நம் சொல் இருந்தும் இல்லாததாகின்றது.

இன்னும் கேளுங்கள். மொழியைக் கற்றுத் தாமே விடையெழுதும் செயற்கை அறிவுக் கருவிகள் இன்று பரவிவருகின்றன. அவை எழுதப்பெற்ற பனுவல்களைக் கோடிக்கணக்கான சொற்களாக உட்கொண்டே ஒரு மொழியின் நடையை அறிகின்றன. எண்ணாக உள்ள எழுத்தே அவற்றுக்கு உணவு. தமிழாகப் பதியாத ஏடு அவற்றின் வாய்க்குள் புகாது. புகுந்தாலும் குப்பையாகவே புகும். நல்ல தமிழ் பூட்டுக்குள்ளும் சிதைந்த தமிழ் தெருவிலுமாகக் கிடந்தால், நாளைய பொறி எத்தமிழைக் கற்கும்? அப்பொறியிடம் கேட்டுப் படிக்கும் நாளைய சிறுவன் எத்தமிழை எழுதுவான்? மணிப்பிரவாளத்தை எதிர்த்து மேடைதோறும் முழங்கிய நாம், மணிப்பிரவாளமே பொறிகளின் பாடநூலாவதற்கு இங்ஙனம் வழிவிட்டுக்கொண்டிருக்கின்றோம்.

இனி, இக்குற்றத்தை யார்மேல் ஏற்றுவது? 'எல்லாம் ஒருங்குறியை வகுத்தவர் செய்த கேடு' என்று சொல்லிக் கைகழுவுவோர் நம்முள் உளர். அவர் குறையில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. 1991-ஆம் ஆண்டில் ஒருங்குறி வெளிவந்தபொழுது, நடுவணரசின் இந்திய எழுத்துகளுக்கான குறியேற்றத்தைத் தழுவியே தமிழுக்கும் இடம் வகுத்தனர். 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தரப்பெற்றன. மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய்யாகும் என்பது நம் இலக்கணம். ஆனால் ஒருங்குறியில் அகரமேறிய உயிர்மெய் முதலாகவும், அதன்மேற் புள்ளி சேர்ந்து மெய் பின்னாகவும் ஆகின்றன. இது தலைகீழ் முறையே. ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனியெண் வேண்டும் என்று தமிழறிஞரும் கணிப்பொறியறிஞரும் வாதிட்டனர். அவ்வாறு அமைந்த தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஒருங்குறியையும் 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு செந்தரங்களாக ஏற்றது.

அவ்வழக்கை நாம் கைவிடவில்லை. ஆயினும், அதனைச் சுட்டிக்காட்டி நம் பிழையை மறைத்தல் நேர்மையாகாது. ஒருங்குறியில் தமிழ் குறையோடு இருக்கின்றது. பழைய எழுத்துருக்களில் தமிழ் இல்லவேயில்லை. குறையுடைய வீட்டைத் திருத்திக்கொள்ளலாம். வீடில்லாதவன் எதைத் திருத்துவான்?

பிழை நம்முடையதே என்பதற்கு வரலாறு சான்று. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு பொதுக் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் வகுத்தறிவித்தது. இணையத்திற் கூடிய தமிழரோ தகுதரம் என்னும் திசுக்கிக் குறியேற்றத்தை உருவாக்கி வழங்கினர். பொதுமுறை வேண்டும் என்று எல்லோரும் ஒப்பினர். ஆனால் அவரவர் தத்தம் எழுத்துருவை விட்டுக்கொடுத்தாரில்லை. ஒரு பதிப்பகத்தின் கோப்பை மறு பதிப்பகம் திறக்க இயலாத நிலையே நீடித்தது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோசு இயக்க முறையிலேயே ஒருங்குறித் தமிழுக்கு இடமிருந்தது. ஆயினும் பக்கம் அமைக்கும் நிரல்கள் நெடுங்காலம் அதனை ஏலாதிருந்தன. அதுவரை பதிப்பகத்தார் பழைய எழுத்துருவை விடாதிருந்ததற்குக் கரணியம் உண்டு. இன்று அத்தடையும் நீங்கிவிட்டது. இனியும் பழைய முறையையே பற்றிக்கொண்டிருத்தல் பழக்கத்தின் அடிமைத்தனமேயன்றி வேறன்று.

இதற்கு மாறாக, முன்னறிந்து செய்தாரும் நம்மிடையே உளர். 1998-ஆம் ஆண்டில் தன்னார்வலர் கூடித் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பழந்தமிழ் நூல்களை அவர்கள் படமாக வைக்கவில்லை. எழுத்தாகத் தட்டச்சிட்டு வைத்தார்கள். முதலில் திசுக்கியில் வைத்தனர். ஒருங்குறி பரவியபின் அதற்கு மாற்றினர். எந்த எண் எந்த எழுத்து என்பது ஊரறிந்த பொதுமுறையாக இருந்தமையால் மாற்றம் இயன்றது. காசில்லாத் தன்னார்வலர் செய்து காட்டியதைக் கட்டடமும் பணியாளரும் உடைய நிறுவனங்கள் செய்யாதிருப்பதற்கு என்ன மறுமொழி உண்டு?

குறை கூறி அமைவது நம் வழக்கன்று. செய்யவேண்டுவன இவை.

எழுதுவோர்க்கு: இன்றே ஒருங்குறிக்கு மாறுங்கள். தமிழ்99 விசைப்பலகை சில நாள் பழக்கத்தில் கைவரும். ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையினும் அது நம் எழுத்தியல்புக்கு இயைந்தது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலுமாக அமைந்தது.

பதிப்பிப்போர்க்கு: பி.டி.எஃப். கோப்பு பூத்த மலரின் படம், மூலக்கோப்பே விதை. படத்தைக் காத்து விதையை எறியாதீர்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒருங்குறியில் அமைந்த மூலவுரையைத் தனியே, ஈரிடத்திலேனும் வையுங்கள்.

எழுத்துரு ஆக்குவோர்க்கு: உங்கள் பழைய எழுத்துருக்களில் எந்த எண்ணில் எந்த வடிவை வைத்தீர்கள் என்னும் பட்டியலை வெளியிடுங்கள். வணிகம் முடிந்துபோன எழுத்துருவின் பூட்டைக் காத்து உங்களுக்குப் பயனில்லை. அத்திறவுகோல் கிடைத்தால் பல்லாயிரம் ஏடுகள் உயிர்பெறும்.

அரசுக்கு: ஆணையும் சட்டமும் பாடநூலும் எழுத்தாகப் படியெடுக்கத்தக்க வடிவில் அன்றி வெளிவருதல் கூடாதென விதி செய்க. ஆவணக் காப்புக்கென்றே 2005-ஆம் ஆண்டில் பி.டி.எஃப்.-ஏ என்னும் செந்தரம் வகுக்கப்பெற்றது. 2011-ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பகுதியில், ஏட்டின் எழுத்தனைத்துக்கும் ஒருங்குறி எண் உடனிருத்தல் வேண்டும் என்னும் ஒரு தனிநிலையே உண்டு. வழி ஆயத்தமாக இருக்கின்றது; நடக்கும் உள்ளமே வேண்டும்.

இனி, நம் இயக்கத் தோழர்க்கு: ஒவ்வோர் ஏட்டையும் வெளியிடுமுன் ஓர் எளிய ஆய்வைச் செய்யுங்கள். கோப்பைத் திறந்து, ஏதேனும் ஒரு பத்தியைப் படியெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வருகின்றதா? கொம்பும் காலும் தம்மிடத்தில் நிற்கின்றனவா? 'மொழி' என்று தேடினால் அகப்படுகின்றதா? இதற்கு இரண்டு மணித்துளி போதும். இவ்வாய்வில் தேறாத ஏட்டை வெளியிடாதீர்கள். ஒற்றுப்பிழையோடு ஓர் இதழ் வருவதை நாம் பொறுப்பதில்லை. எழுத்தே இல்லாத இதழை எங்ஙனம் பொறுப்பது?

நம் பங்கையும் கூறிவிடுகின்றோம். இவ்விதழ் முதல் நம் ஏடுகள் அனைத்தும் ஒருங்குறியில் அமைந்து, மேற்கூறிய ஆய்வில் தேறியபின்னரே வெளிவரும். பழைய இதழ்களின் மூலக்கோப்புகளுள் பல, நெகிழ்வட்டுகள் கெட்டமையால் அழிந்தொழிந்தன. எஞ்சியுள்ளவை பி.டி.எஃப். கோப்புகளும் தாளில் அச்சான படிகளுமே. குறிமாற்றும் நிரல்களைக் கொண்டு மாற்றத்தக்கவற்றை மாற்றத் தொடங்கியுள்ளோம். ஆனால் நிரல் செய்த மாற்றம் நிரலளவிலேயே நிற்கும். ரகரத்தையும் காலையும் பிரித்தறியவும், இடையே வந்த எண்களையும் அயற்பெயர்களையும் சிதையாமற் காக்கவும் மாந்தர் கண் வேண்டும். தமிழறிந்த கண் வேண்டும். தாளில் அச்சான படியை ஒரு கையிலும் மாற்றிய உரையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, வரிவரியாக ஒப்புநோக்குவோர் வேண்டும். அன்பர் ஒவ்வொருவரும் ஓர் இதழை ஏற்றுக்கொண்டால், ஓராண்டில் இப்பணி முற்றுப்பெறும். முன்வருவோர் பணிமனைக்கு எழுதுக. நமக்கு மடல் விடுத்த அம்மாணவரே முதல் இதழை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

தமிழன்பர்களே! பிறமொழிச் சொல்லைக் களைவது தமிழ்த்தொண்டின் ஒரு பாதி. களைந்தெடுத்துத் தூய்மை செய்த தமிழைப் பிறர் எடுத்தாளத்தக்க நிலையில் வைப்பது மறு பாதி. நெல்லைத் தூற்றிப் பதர் நீக்கிய உழவன், அதனைப் பூட்டிய குதிருக்குள் இட்டுத் திறவுகோலை ஆற்றில் எறிவானாயின், அவன் உழைப்பு யாருடைய பசியைத் தீர்க்கும்? நாம் தூற்றிய நெல் அங்ஙனம் பூட்டுண்டு கிடக்கின்றது. குதிரைத் திறப்போம். புறத்தே தமிழாய்த் தோன்றும் நம் ஏடுகள் அகத்தேயும் தமிழாகட்டும்.